ஐரோப்பாவுக்கு முதல்முறை போகிறீர்களா? பணம் மாற்றுவதிலும் கார்டு தேய்ப்பதிலும் காசை விடாமல் இருக்க

செக் குடியரசின் தலைநகர் பிராகில் இறங்கிய அன்று மாலை ஒரு ஏடிஎம்மில் அந்நாட்டுக் காசான கொருனாவில் 10,000 எடுத்தேன். அன்றைய கணக்குக்கு அது சுமார் 400 யூரோ, நம் காசில் 40,000 ரூபாயை ஒட்டி வர வேண்டும். இரவில், தங்கியிருந்த விடுதிக்கு வந்து வங்கியிலிருந்து வந்த செய்தியைப் பார்த்தால் 46,000-க்கு மேல் போயிருந்தது. யாரும் திருடவில்லை, கார்டு எண்ணும் கசியவில்லை. திரையில் வந்த ஒரு கேள்விக்கு நான் தவறான பொத்தானை அழுத்தியிருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு பொத்தானின் விலை நாங்கள் நான்கு பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் செலவு.

அம்மா, மனைவி, மகள், நான் என்று நான்கு பேர், 16 நாள், ஐந்து நாடு. விசாவுக்கும் விமானத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெட்ட நாங்கள் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதைக் கடைசி மூன்று நாளில்தான் யோசித்தோம். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியாவிலிருந்து சுற்றுலாவாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போகும்போது என்ன விலையோ அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

1. எந்த நாட்டில் என்ன காசு என்று முதலில் எழுதுங்கள்

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் ஒரே விசாவான ஷெங்கன் விசா இருந்தால் எல்லா இடத்திலும் யூரோ செல்லும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். விசா வேறு, நாணயம் வேறு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம், போர்ச்சுகல், கிரீஸ் எல்லாம் யூரோ. குரோஷியா 2023-லும் பல்கேரியா 2026 ஜனவரியிலும் யூரோவுக்கு மாறிவிட்டன. ஆனால் ஷெங்கனுக்குள்ளேயே இருக்கும் சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க், செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்லோட்டி. ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்றுக்கும் 'குரோனா', 'குரோன' என்று ஒரே மாதிரிப் பெயர், ஆனால் மூன்றும் தனித்தனிக் காசு, ஒன்று இன்னொரு நாட்டில் செல்லாது. பிரிட்டனுக்குப் பவுண்டு.

பயணத் திட்டத்தின் பக்கத்திலேயே எந்தெந்த நாள் எந்தக் காசு என்று குறித்துக்கொள்ளுங்கள். யூரோ இல்லாத நாட்டில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கீழே வரும் எல்லா முடிவும்.

உறவினர் யாராவது 'போனமுறை மிஞ்சியது' என்று நோட்டுகள் கொடுத்தால் அவை இன்னும் செல்லுமா என்று பாருங்கள். பழைய யூரோ நோட்டு செல்லும். ஆனால் பிரிட்டனின் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-உடன் கடைகளில் செல்லாமல் போய்விட்டன. சுவிஸ் நோட்டுகளில் முந்தைய வரிசை 2021 ஏப்ரலோடு முடிந்தது, அதை அந்நாட்டு மத்திய வங்கியில் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். ஸ்வீடனும் 2015 முதல் 2017 வரை பழைய நோட்டுகளையெல்லாம் மாற்றிவிட்டது.

2. எதில் எவ்வளவு என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எனக்குச் சரியாக வந்த கலவை இது: அன்றாடச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு, விடுதி வைப்புத்தொகைக்கும் அவசரத்துக்கும் ஒரு கிரெடிட் கார்டு, கொஞ்சம் ரொக்கம், கடைசிக் கைகாவலாக ஒரு டெபிட் கார்டு.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே யூரோவாகவோ ஃபிராங்காகவோ பணம் ஏற்றி எடுத்துப்போகும் கார்டு. ஏற்றிய அன்றைய விலையே நிற்கும், பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலை இல்லை. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கார்டில் யூரோ மட்டும் ஏற்றிக்கொண்டு பிராகில் கொருனா கேட்கும் கடையில் தேய்த்தால், ஒரு காசிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதற்கு என்று தனிக் கட்டணம் பிடிப்பார்கள், பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும். சுவிஸ் போகிறீர்கள் என்றால் ஃபிராங்கையும் தனியாக ஏற்றுங்கள். கொருனா, ஃபோரின்ட், ஸ்லோட்டி போன்றவற்றை ஏற்றும் வசதி எல்லாக் கார்டிலும் இல்லை, வாங்கும் முன் எந்தெந்த நாணயம் ஏறும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கிரெடிட் கார்டுக்குச் செலவு எவ்வளவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல், அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். இரண்டு லட்சம் ரூபாய் செலவு செய்தால் 8,260 ரூபாய் இப்படியே போய்விடும். இந்தக் கூடுதல் இல்லாத அல்லது குறைவாக உள்ள கார்டுகளும் இருக்கின்றன. அடிக்கடி வெளிநாடு போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் ஃபாரெக்ஸ் கார்டே தேவைப்படாமல் போகலாம். ஆனால் புதிய கிரெடிட் கார்டு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்ததற்குத் தனிக் கட்டணம், அதோடு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

யுபிஐ இருக்கிறதே என்று நினைக்கலாம். 2024 பிப்ரவரியில் ஈஃபில் கோபுரத்தின் டிக்கெட்டுக்கு அது வந்தது, பாரிஸில் வேறு சில பெரிய கடைகளிலும் உண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பிக் கிளம்ப முடியாது. ரூபே கார்டையும் அப்படியே. விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் உள்ள கார்டு கண்டிப்பாக வேண்டும்.

ரொக்கம் எவ்வளவு? நாங்கள் நான்கு பேருக்கு 16 நாளுக்கு 500 யூரோ கொண்டுபோனோம், அதில் 100 யூரோ மிஞ்சியது.

3. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகித வேலை

ஃபாரெக்ஸ் கார்டோ ரொக்கமோ வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், போக வர டிக்கெட், பான் கார்டு. கடையிலேயே ஏ2 என்ற படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். வங்கியில் வாங்கலாம், இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற பணம் மாற்றும் கடையில் வாங்கலாம். ரசீது இல்லாமல் 'இன்னும் நல்ல ரேட் தருகிறேன்' என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். கள்ள நோட்டு வந்தாலும் கேட்க ஆள் இல்லை, திரும்பி வந்து மீதியை மாற்றும்போதும் ரசீது உதவும்.

கவனிக்க வேண்டிய வரம்புகள்:

வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் எடுத்துப்போகலாம். அதற்கு மேல் தேவையென்றால் கார்டில்தான்.

வாங்கும்போது ரூபாயை ரொக்கமாகக் கொடுக்க முடிவது 50,000-க்குள்தான். அதைத் தாண்டினால் வங்கி வழியாகவே கட்ட வேண்டும். மனைவியின் பெயரில் வாங்கும் கார்டுக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போட்டால் சில இடங்களில் மறுத்துவிடுகிறார்கள். யார் பெயரில் கார்டோ அவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். எங்களுக்கு ஒரு நாள் போனது இதனால்தான்.

இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து டாக்சிக்கு ஆகும், அங்கே அதை மாற்ற நினைக்காதீர்கள்.

நாணயமாற்றுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றுக்கு அது 45 முதல் 180 ரூபாய்க்குள் முடிந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. டிசிஎஸ் என்ற வரிப்பிடித்தம் ஒரு நிதியாண்டில் ஒருவர் வாங்கும் அந்நியச் செலாவணி 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் (2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு). சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதை அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை விசாரிக்கும்போது 'யூரோ ரேட் என்ன' என்று மட்டும் கேட்காதீர்கள். ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டு கார்டு கட்டணம், ஏற்றும் கட்டணம் என்று பின்னால் சேர்ப்பார்கள். 'எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் எத்தனை யூரோ கையில் வரும்?' என்று கேளுங்கள். மூன்று இடத்தில் இதே கேள்வியைக் கேட்டால் போதும், யார் மலிவு என்று தெரிந்துவிடும். எனக்கு மூன்று இடத்துக்கும் நடுவில் 19 யூரோ வித்தியாசம் வந்தது. விமான நிலையத்துக் கவுன்டரை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அங்கே ரேட் மோசம், நள்ளிரவில் பேரம் பேச உங்களுக்கும் தெம்பு இருக்காது.

நோட்டு வாங்கும்போது 5, 10, 20 யூரோவாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் 100, 200 தாளாகத் தள்ளிவிடுவார்கள். ஐரோப்பாவில் பல சின்னக் கடைகள் 100 யூரோ தாளைத் தொடவே மாட்டா, 200 தாளுக்கோ கதவிலேயே படம் போட்டு 'வாங்க மாட்டோம்' என்று ஒட்டியிருப்பார்கள். 500 யூரோ தாளை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செல்லும்தான், ஆனால் 2019-க்குப் பிறகு அது புதிதாக வெளியிடப்படுவதில்லை, மாற்றுவது பெரும் பாடு.

எப்போது செய்வது? கிளம்புவதற்குப் பத்து நாள் முன். கார்டில் பணம் ஏற சில மணி நேரமும் ஆகலாம், இரண்டு வேலைநாளும் ஆகலாம், நடுவில் சனி ஞாயிறோ பொங்கல் விடுமுறையோ வந்தால் இன்னும் தள்ளும்.

4. கிளம்பும் வாரத்தில் கார்டுகளைத் தயார் செய்யுங்கள்

நம் கார்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை செய்யாதபடிதான் பூட்டியிருக்கும், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு அது. வங்கிச் செயலியில் போய் சர்வதேசப் பயன்பாட்டைத் திறக்க வேண்டும். கடை இயந்திரம், ஏடிஎம், இணையம், டேப் செய்வது என்று நான்குக்கும் தனித்தனிப் பொத்தான். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் அங்கே நிற்கும்போதுதான் தெரியும். தினசரி வரம்பையும் அப்போதே சரிசெய்யுங்கள்.

நான்கிலக்க பின் எண் எல்லாக் கார்டுக்கும் நினைவில் இருக்க வேண்டும், கிரெடிட் கார்டுக்கும் சேர்த்துத்தான். யூரோ நாடுகளில் பொதுவாக 50 யூரோ வரை டேப் செய்தால் போதும், சுவிட்சர்லாந்தில் 80 ஃபிராங்க் வரை. அதற்கு மேல் பின் கேட்கும், சில சமயம் சின்னத் தொகைக்கும் கேட்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும்.

உங்கள் சிம் கார்டில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அங்கே போய் வேறு சிம் போட்டாலும் நம் சிம் போனிலேயே இரண்டாவதாக இருக்கட்டும். ரயில் டிக்கெட், அருங்காட்சியக டிக்கெட் போன்றவற்றை முடிந்தவரை வீட்டிலிருந்தே வாங்கிவிடுங்கள், ஓடிபி பிரச்சினையே இராது. இணையதளம் விலையை ரூபாயில் காட்டினாலும் யூரோவுக்கு மாற்றிக் கட்டுங்கள், காரணம் அடுத்த பகுதியில்.

5. ஏடிஎம்மில் நிற்கும்போது

இதுதான் என் காசு போன இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த ஏடிஎம் என்பது முக்கியம். சுற்றுலாப் பயணிகள் கூடும் சதுக்கங்களில், நினைவுப்பொருள் கடை வாசலில், விடுதி முன்கூடத்தில் பளிச்சென்ற நிறத்தில் நிற்கும் தனியார் இயந்திரங்களை விட்டுவிடுங்கள். வங்கிக் கிளையின் சுவரில் பதித்த இயந்திரத்தைத் தேடுங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 'ஸ்பார்காஸ' என்ற வங்கிப் பெயர்ப்பலகை கண்ணில் படும், நெதர்லாந்தில் மஞ்சள் நிற 'கெல்ட்மாட்' இயந்திரங்கள் பெரிய வங்கிகள் சேர்ந்து நடத்துபவை. இத்தாலியில் வழி கேட்க 'பான்கோமாட்' என்று சொன்னால் போதும். வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது, கார்டை இயந்திரம் விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்கலாம்.

கார்டைப் போட்டதும் இயந்திரம் தன் கட்டணத்தை ஒரு திரையில் காட்டும், 4 யூரோ, 5 யூரோ என்று. அதிகமாகத் தோன்றினால் ரத்து செய்துவிட்டு அடுத்த வங்கிக்கு நடங்கள், ரத்து செய்தால் எதுவும் பிடிக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும். 'நீங்கள் எடுக்கும் தொகை உங்கள் ரூபாயில் இவ்வளவு, இந்த விலை உறுதி, ஏற்கிறீர்களா?' என்று. பச்சைப் பொத்தானில் 'அக்செப்ட் கன்வெர்ஷன்' என்றும், சிவப்பில் 'டிக்ளைன் கன்வெர்ஷன்' என்றும் இருக்கும். சிவப்பை அழுத்தினால் பணமே வராது என்று எனக்குத் தோன்றியது, பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள், பச்சையை அழுத்திவிட்டேன். உண்மையில் சிவப்பை அழுத்தினாலும் பணம் வரும். நீங்கள் மறுப்பது அவர்கள் சொன்ன மாற்று விலையைத்தான், பணம் எடுப்பதை அல்ல. மறுத்தால் உங்கள் வங்கி தன் விலையில் மாற்றிக்கொள்ளும், அது எவ்வளவோ மேல். ஏற்றுக்கொண்டால் இயந்திரக்காரர் வைத்ததுதான் விலை, அதில் பத்து சதவீதத்துக்கு மேலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். சில இயந்திரங்கள் மறுத்த பிறகும் 'உறுதியாகவா?' என்று இன்னொரு திரை காட்டிக் கேட்கும். அங்கேயும் மறுங்கள்.

நம் வங்கியும் சும்மா இருப்பதில்லை. வெளிநாட்டில் ரூபாயில் கட்டினாலும் அதற்கென்று ஒரு சதவீதம் போலத் தனியாகப் பிடிக்கும் வங்கிகள் பல. ஆக ரூபாயில் கட்டுவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் வாங்குவதால் 40, 50 என்று அடிக்கடி எடுக்காமல் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்து எடுங்கள். திரை முதலில் பெரிய தொகைகளைத்தான் காட்டும், 'வேறு தொகை' என்பதைத் தேர்ந்து நீங்களே தட்டுங்கள். 200-க்குப் பதில் 190 என்று போட்டால் சில்லறைத் தாள்கள் கலந்து வரும்.

6. கடையில், உணவகத்தில்

இதே கேள்வி கடை இயந்திரத்திலும் வரும்: யூரோவா, ரூபாயா? எப்போதும் அந்த ஊர்க் காசு. சுவிஸில் ஃபிராங்க், பிராகில் கொருனா. இதில் மோசமான விஷயம், சில இடங்களில் பரிசாரகரே நமக்காக ரூபாயைத் தேர்ந்துவிட்டு இயந்திரத்தை நீட்டுவார். பின் எண் போடும் முன் திரையில் எந்தக் காசு இருக்கிறது என்று பாருங்கள். ரூபாய் என்று இருந்தால் 'நோ, யூரோ ப்ளீஸ்' என்று சொல்லி ரத்து செய்யச் சொல்லுங்கள். ரசீது வந்த பிறகு கவனித்தாலும் அங்கேயே நின்று ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம், வெளியே வந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. விடுதியில் கணக்கு முடிக்கும்போதும் இதே கதைதான், தொகை பெரிது என்பதால் அங்கே இன்னும் உஷாராக இருங்கள்.

விலை எழுதும் முறையும் குழப்பும். அங்கே புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர்மாறு. 12,50 என்றால் பன்னிரண்டரை யூரோ. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. மகள் ஒரு தோல் பையின் விலையை ஒரு யூரோ சொச்சம் என்று படித்துவிட்டாள்.

பேருந்து, மெட்ரோவில் கார்டைத் தட்டிவிட்டு ஏறும் வசதி லண்டன், ரோம், நெதர்லாந்து முழுவதும் இருக்கிறது. ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான். நான்கு பேர் போனால் நான்கு கார்டு வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். லண்டன் மெட்ரோவிலும் நெதர்லாந்திலும் நுழையும்போது தட்டிய அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மாற்றித் தட்டினால் அதிகக் கட்டணம் விழும். நாங்கள் போனபோது பாரிஸ் மெட்ரோவில் வங்கிக் கார்டைத் தட்டி நுழைய முடியவில்லை, 2 யூரோ கொடுத்து 'நாவிகோ ஈஸி' அட்டை வாங்கி அதில் பயணங்களை ஏற்றிக்கொண்டோம், அதுவும் ஆளுக்கு ஒன்று.

7. ரொக்கம் இல்லாமல் முடியாத இடங்களும், ரொக்கம் வாங்காத இடங்களும்

ஜெர்மனியில் கார்டை நம்பி ரொட்டிக்கடைக்குள் நுழையாதீர்கள். இவ்வளவு வளர்ந்த நாட்டில் இப்படியா என்று வியப்பாக இருக்கும், ஆனால் ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகளும் சிற்றுணவகங்களும் இன்னும் நிறைய. ஜெர்மன் மொழியில் 'பார்' என்றால் ரொக்கம், 'நூர் பார்' என்று எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும். 'ஈசி கார்டு' அல்லது 'கிரோகார்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது அந்த ஊர் வங்கிக் கார்டு, நம் விசா, மாஸ்டர்கார்டு அங்கே வேலைக்கு ஆகாது. ஆர்டர் செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இத்தாலியில் கார்டை மறுத்தால் கடைக்காரருக்கு அபராதம் என்று 2022 ஜூன் 30 முதல் சட்டம் இருக்கிறது, 30 யூரோவும் தொகையில் 4 சதவீதமும். எனவே இயந்திரம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் விடுதியில் தங்குவதற்கான நகர வரியைச் சின்ன விடுதிகள் ரொக்கமாகக் கேட்கும். ரோமில் மூன்று நட்சத்திர விடுதிக்கு ஒருவருக்கு ஓரிரவுக்கு 6 யூரோ. நான்கு பேர் மூன்று இரவு என்றால் 72 யூரோ. முன்பதிவின்போது கட்டிய பணத்தில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, தனியாக எடுத்து வையுங்கள்.

கழிப்பறைக்கு 50 சென்ட் முதல் ஒரு யூரோ. வயதானவர்கள் கூட வந்தால் இது பெரிய விஷயம், அம்மாவின் பையில் எப்போதும் ஐந்தாறு நாணயம் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்கும் ஒரு நாணயம் வேண்டும், திருப்பி விட்டதும் கிடைத்துவிடும். ஜெர்மனியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கு 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள், காலிப் புட்டியைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்ப வரும்.

ஸ்வீடன் நேர் எதிர். அங்கே பல கடைகள் ரொக்கத்தைத் தொடுவதே இல்லை. ஸ்டாக்ஹோம் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் குரோனா நோட்டு மாற்றவே வேண்டாம். டென்மார்க், நார்வேயிலும் கார்டு மட்டும் வைத்துச் சமாளிக்கலாம்.

8. யூரோ இல்லாத ஊர்களில் பணம் மாற்றுவது

சுவிட்சர்லாந்தில் பல கடைகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும், ஆனால் மீதியை ஃபிராங்கில் தருவார்கள், விலை அவர்கள் சொல்வதுதான். யூரோ நாணயத்தை வாங்க மாட்டார்கள். கார்டு எங்கும் செல்லும் நாடு அது, கையில் 50 ஃபிராங்க் இருந்தால் தாராளம். மாற்றத்தான் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையங்களில் ரயில்வேயே பணம் மாற்றும் கவுன்டர் வைத்திருக்கிறது. நாட்டை விட்டு வெளியேறும் முன் நாணயங்களைச் செலவழித்துவிடுங்கள். ஐந்து ஃபிராங்க் நாணயம் ஒன்றே 500 ரூபாய்க்கு மேல் பெறும், வேறு நாட்டில் அதை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பிராக் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கொருனா. பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள பணம் மாற்றும் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கும். கமிஷன் இருக்காது, விலையிலேயே எடுத்துக்கொள்வார்கள். பலகையில் 'வாங்கும் விலை', 'விற்கும் விலை' என்று இரண்டு இருக்கும், அது கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதியது. நீங்கள் யூரோ கொடுத்துக் கொருனா வாங்கும்போது அவர் யூரோவை வாங்குகிறார், எனவே 'வாங்கும் விலை'தான் உங்களுக்கு. பணத்தை நீட்டும் முன் '100 யூரோவுக்கு எத்தனை கொருனா?' என்று கேட்டு எண்ணை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். 2,400-ஐ ஒட்டி வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. செக் சட்டப்படி 2019 ஏப்ரல் 1 முதல், 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதோடு அதே கடைக்குப் போய் நில்லுங்கள். இந்த உரிமை கடைக்குத்தான், ஏடிஎம்முக்கு இல்லை, அதனால் எனக்கு உதவவில்லை.

தெருவில் வந்து 'நல்ல ரேட்' என்று அழைக்கிறவர்களிடம் நின்று பேசவே பேசாதீர்கள். கொருனா என்று சொல்லி மதிப்பில்லாத பழைய வேற்றுநாட்டு நோட்டைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார்கள்.

ஹங்கேரியின் புடாபெஸ்டில் நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்கு 380 முதல் 400 ஃபோரின்ட், அதனால் எண்ணெல்லாம் ஆயிரங்களில் இருக்கும். ஒரு சாப்பாடு 5,000 ஃபோரின்ட் என்றதும் அம்மாவைப் போல நீங்களும் பதற வேண்டாம், அது 13 யூரோவை ஒட்டித்தான். பழகும் வரை போனில் ஒரு நாணயமாற்றுச் செயலியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

9. விடுதி, வாடகைக் கார் வைப்புத்தொகை

இங்கே கிரெடிட் கார்டைத்தான் நீட்ட வேண்டும். விடுதிகள் ஒரு தொகையைப் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கும். ஃபாரெக்ஸ் அல்லது டெபிட் கார்டில் பிடித்தால் உங்கள் சொந்தப் பணம் வாரக்கணக்கில் முடங்கிக் கிடக்கும், பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பும். ஆளில்லாத பெட்ரோல் நிலையத்திலும் இதே சங்கதி, 30 யூரோவுக்கு நிரப்பினாலும் முதலில் 100-க்கு மேல் பிடித்துவிடும். வாடகைக் காருக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் சாவியே தர மறுப்பார்கள். நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் ஃபாரெக்ஸ் போன்ற முன்பணக் கார்டை இயந்திரம் சில சமயம் ஏற்காது, அங்கேயும் கிரெடிட் கார்டு.

10. கார்டு தொலைந்தால்

கார்டுகளை இரண்டு பேரிடம், இரண்டு பையில் பிரித்து வையுங்கள். பாரிஸ் மெட்ரோவிலும் ரோம் ரயில் நிலையத்திலும் ஜேப்படி சகஜம், டிக்கெட் இயந்திரத்தில் உதவ வரும் அந்நியரையும் நம்பாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும்போது பல இடங்களில் கூடுதல் கார்டு ஒன்றும் தருவார்கள், அதைக் கேட்டு வாங்கி வேறு பெட்டியில் போடுங்கள். வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வையுங்கள், போனும் சேர்ந்து தொலைந்தால் அதுதான் துணை. தொலைந்தது தெரிந்த நிமிடமே செயலியில் கார்டை முடக்கிவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் எழுதி வாங்குங்கள்.

11. பொருள் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறுவது

பெரிதாக எதுவும் வாங்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஒரே கடையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் அங்குள்ள மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்: பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70 யூரோவுக்கு மேல் (2024 பிப்ரவரிக்கு முன் இது 155-ஐ ஒட்டி இருந்தது), ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், ஸ்பெயினில் குறைந்தபட்சமே கிடையாது. வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும், மறுநாள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் சுங்கத்தாரின் முத்திரை வாங்க வேண்டும், பெட்டியைச் செக்-இன் செய்யும் முன்பே. பொருளைக் காட்டச் சொல்லலாம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, எனவே ஜூரிக்கிலிருந்து ஊருக்குப் பறப்பவர்கள் சுவிஸுக்குள் நுழையும் எல்லையிலேயே முத்திரை வாங்கியிருக்க வேண்டும். இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பணத்தை ரொக்கமாகக் கேட்டால் கட்டணம் கழித்துத் தருவார்கள், கார்டுக்கே போடச் சொல்லுங்கள், சில வாரம் ஆனாலும் பரவாயில்லை.

12. திரும்பி வந்த பிறகு

முதல் வேலை, எல்லாக் கார்டிலும் சர்வதேசப் பயன்பாட்டை மூடுவது. அடுத்து, ஒரு மாதத்துக்குக் கார்டுக் கணக்கைக் கவனியுங்கள். விடுதி பிடித்துவைத்த தொகை விடுபட்டதா, ஒரே செலவு இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று ரசீதோடு ஒத்துப் பாருங்கள். அதற்காகவே ரசீதுகளை ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள், கிழித்துப் போடாதீர்கள்.

மிஞ்சிய வெளிநாட்டுப் பணத்தை 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஃபாரெக்ஸ் கார்டில் மீதி இருந்தால் எடுத்துவிடுவது நல்லது, பயன்படுத்தாமல் கிடந்தால் சில கார்டுகளில் மாதாமாதம் கட்டணம் அரித்துக்கொண்டே இருக்கும்.

நாணயங்களை இங்கே எந்தக் கடையும் வாங்காது, வைத்துக்கொள்ளத் தடையும் இல்லை. எங்களிடம் மிஞ்சிய 7 யூரோ சில்லறையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, இரண்டு மாதம் கழித்துக் கிளம்பிய மைத்துனரிடம் கொடுத்தோம். வியன்னாவில் இறங்கியதும் ரயில் நிலையத்துக் கழிப்பறைக்கும் பெட்டி வைக்கும் லாக்கருக்கும் அதுதான் ஆனது என்று அன்றிரவே போன் செய்து சொன்னார்.